காரணம் எண் மூன்று

லுத்விக்கின் வலது கை
நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவே நின்றுவிட்டது.
எங்கே வலிக்கிறது என்று மருத்துவர் கேட்டிருந்தார்.
அதை நான் கைகளால் கேட்டேன்.
அவர் பதில் சொல்லத் தொடங்கினார்,
திரை உறைந்தது.

செல்யேயில் ஒரு மருத்துவமனை அறை,
செவ்னிட்ஸாவில் என் சமையலறை மேஜை,
நடுவில் நான், சைகைமொழி பெயர்ப்பவள்.
பத்து நிமிடம் கழித்து இணைப்பு வந்தபோது
மருத்துவர் தொண்டை என்று எழுதி முடித்து
அடுத்த நோயாளிக்குப் போயிருந்தார்.

மடிக்கணினி பழையது. லினக்ஸ் போட்டது நானே.
அந்தப் பெருமை இந்த வாரம் கனக்கிறது:
உதவிக்குக் கூப்பிட்டால் முதல் கேள்வி
ஏன் லினக்ஸ்?

இரவு கர்னலின் குறிப்பேட்டைத் திறந்தேன்.
தன் விருப்பத்தின் பேரில் பிரிந்தது,
காரணம் எண் மூன்று.
விவாகரத்து மனுவில் பொரூத் எழுதியதும்
ஏறக்குறைய இதுதான்.

முதல் சந்தேகம் உறக்கத்தின் மேல்.
பேட்டரியை மிச்சம்பிடிக்க வைஃபை அட்டை
அவ்வப்போது கண்ணயருமாம்.
மூன்று என்றிருந்ததை இரண்டாக்கினேன்: இனித் தூங்காதே.
புதன் முழுக்க விழித்திருந்தது.
வியாழன் பத்து பதினான்குக்கு மறுபடி போனது.

புளூடூத்தை அணைத்தேன்.
டிரைவரைக் கழற்றி மாட்டினேன்.
முந்தைய கர்னலுக்குத் திரும்பிப் பார்த்தேன்,
காலி செய்த வீட்டில் பழைய சாவி
இன்னும் திரும்புகிறதா என்று பார்ப்பவள்போல.
கீழ்வீட்டு மிலோய்காவின் மைக்ரோவேவ்மேல்கூடப் பழி போட்டேன்.
மிலோய்காவிடம் மைக்ரோவேவே இல்லை.

ரௌட்டருக்குத் தெரிந்தது ஒரே சொல்:
இருக்கிறேன் இருக்கிறேன் இருக்கிறேன்
நொடிக்குப் பத்து முறை.
தொடர்ந்து ஏழு முறை கேட்காவிட்டால்
ஆள் போயாயிற்று என்று முடிவுகட்டும் என் கணினி.
முக்கால் நொடிகூட இல்லை.
நான் பொரூத்துக்கு நான்கு வருடம் கொடுத்தேன்.

பிறகுதான் நேரங்களைக் காகிதத்தில் எழுதினேன்,
மின்கட்டண ரசீதின் பின்பக்கம்.
10:14 போனது, 10:24 வந்தது.
3:41 போனது, 3:51 வந்தது.
பழுதுக்கு இவ்வளவு ஒழுங்கு வராது.
பத்து நிமிடம் என்றால்
அது யாரோ போட்ட சட்டம்.

ரௌட்டரின் வயிற்றுக்குள் ஒரு வரி கிடந்தது:
ராடார் கேட்டது. சேனல் நூற்றிருபத்து நான்கு காலி.

ஜன்னலைத் திறந்தாலே தெரியும் அது,
சாவா ஆற்றுக்கு மேலே, பீச் மரங்கள் முடிகிற குன்றில்
வெள்ளைப் பந்து, மழை தேடும் ராடார்.
வருடக் கணக்காகப் பார்க்கிறேன்,
யாரோ மறந்துவிட்டுப்போன முட்டை என்று.
அதன் குரல் பட்டதும் ரௌட்டர் வாயை மூடவேண்டும்.
வேறொரு சேனலுக்கு நகர்ந்து,
அங்கே யாரும் பேசவில்லையே என்று
பத்து நிமிடம் காதை மட்டும் திறந்து வைத்திருந்து
அதன்பிறகே பேசவேண்டும்.

ஒரு வாரமாக நான் பிரித்துப்போட்ட கணினி
ஒரு தப்பும் செய்யவில்லை.
காரணம் எண் மூன்று அதன் பொய் அல்ல,
கொஞ்சம் தன்மானம்.

சேனலை முப்பத்தாறுக்கு மாற்றினேன்.
ராடாருக்கு அங்கே வேலை இல்லை.
ஒரு நிமிட வேலை. காப்பி ஆறுவதற்குள் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை லுத்விக்கிடம் சொன்னேன்.
பேசுவதற்கு முன் பத்து நிமிடம் கேட்குமா,
காதுள்ளவர்களுக்கும் அதைப் பொருத்தமுடியுமா
என்றன அவர் கைகள்.
என்ன சிரிப்பு என்றார் மருத்துவர்.
மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை.
எங்கே வலிக்கிறது என்று மட்டும் மறுபடி கேட்டார்.

கை நெஞ்சில் தொடங்கியது.
தொண்டைக்கு வந்தது.
நிற்கவில்லை.
மேலேறி இடது தாடையில் போய் அமர்ந்தது.

மருத்துவர் எழுதியிருந்ததை அடித்தார்.
தொலைபேசியை எடுத்தார், என்னைப் பார்க்காமல்
வேகமாகப் பேசினார்,
முடிந்தவரை பின்தொடர்ந்தன என் விரல்கள்.

அப்போது இங்கே ஆலங்கட்டி விழத் தொடங்கியது.
தகரக் கூரையில் பெருஞ்சத்தம்,
லுத்விக்குக்கு அது இல்லை.
ஜன்னலைக் காட்டினேன்.
இங்கே இன்னும் வெயில் என்றார்,
சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே.